இரண்டு பக்கமும் ஆடியவர்

பெரியவளே, கோடை லீவில் தாத்தாவோடு பேச்சை நிறுத்தியவள் இன்னும் பேசவில்லை. அவர் முன்னால் தட்டை வைக்கிறாய், சொம்பில் தண்ணீர் வைக்கிறாய், மாத்திரையைக்கூட மறக்காமல் எடுத்து வைக்கிறாய். முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. சின்னவன்தான் நடுவில் தூது போகிறான்.

"தாத்தா, டிவி சவுண்ட கம்மி பண்ணுவியாம். அக்கா படிக்குதாம்."

"அக்கா சாப்ட்டாளான்னு கேளுடா."

"அக்கா, சாப்ட்டியான்னு தாத்தா கேக்குது."

ஒரே ஹால். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது.

போன வாரம் சின்னவன் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து என்னிடம் ஒன்று கேட்டான். "அப்பா, ஹாப் டைம்னா இன்னா? ஆட்டோல ஒரு பெரியவரு என்னப் பாத்து, நீ ஹாப் டைம் பேரனாடான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க." நான், "ஆட்டத்துக்கு நடுவுல விட்ற ரெஸ்டுடா" என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பல் விளக்கப் போய்விட்டேன். சாயங்காலத்தில் யார் பல் விளக்குவார்கள்? அவனும் அதைத்தான் கேட்டான். 

நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து எனக்குச் சுலபமாக வராது. ஆனால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முகம் சுருங்கிவிடும், பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். உன் கோபமும் சின்னவன் கேட்ட பேரும் ஒரே விஷயத்திலிருந்து வந்தவை.

உங்கள் தாத்தாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நைனா மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலை முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, இறங்கி நின்று புரட்டிப் போடுகிற வேலை. அவர் காலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சின்னவன் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்து, செருப்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னான். அந்தக் காலால்தான் அவர் பந்து ஆடினார். பூட்ஸ் போட்டால் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்பார். இடது ஓரத்தில் லெப்ட் விங். ஓட ஆரம்பித்தால் கோட்டை ஒட்டியே ஓடுவார். எதிராளி நெருங்கி வந்ததும் நின்றுவிடுவார். வந்தவன் தாண்டிப் போய்விடுவான். அப்புறம் நைனா நிதானமாகப் பந்தை உள்ளே அடிப்பார். அந்த நிற்கிற வித்தையைப் பார்க்கவே வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவார்கள். டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஆட்டம் ஆரம்பிக்கும், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்பதற்குள் முடிய வேண்டும். பாலாற்று மணலை ஒட்டிய மைதானம். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் டீம் வரும்.

பந்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தைரியமாக நிற்கிற மனிதருக்கு ஒரே ஒரு விஷயம் வராது. யாராவது எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்ல வராது. ஒரு சைக்கிளை ஒரே காலையில் இரண்டு பேருக்குத் தருவதாகச் சொல்லிவிடுவார். இரண்டு பேரும் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்குப் பின்னால் போய், விறகை அடுக்குவது போல் பாவனை செய்வார். என் அம்மாதான் வெளியே வந்து ஒருவனைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"இன்னா மனுஷன் நீ? இல்லைன்னு ஒரு வார்த்த. அத சொன்னா வாய் வெந்துடுமா?" என்று அம்மா கேட்பாள்.

"கேட்ட மூஞ்சிய பாத்தா வர மாட்டேங்குதே" என்பார் நைனா.

இது நல்ல குணம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் காலத்து டோர்னமென்ட்டுகளில் ஒரு பழக்கம் இருந்தது. ஏழு பேர் ஆடுகிற டீமில், வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரையோ இருவரையோ விருந்தாளியாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எழுத்தில் எதுவும் கிடையாது. கேப்டன் விருந்தாளியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போடுவார். சாப்பிட்டுக் கை கழுவினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அந்த டோர்னமென்ட் முடிகிற வரை அந்த வீட்டு டீமுக்குத்தான் ஆட வேண்டும். யாரும் இதை மீறி நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு வருஷம் திமிரியிலிருந்து ஒரு விவசாயி, அவர்கள் டீம் கேப்டன், டேனரி வாசலுக்கே மொபெட்டில் வந்து நின்றார். "அண்ணே, எங்க பசங்க நெலத்துல ஓடின பசங்க, மூச்சு இருக்குது, வித்த இல்ல. இந்த வாட்டி நீ வரணும்" என்றார். டேனரி டீம் அந்த வருஷம் இறங்காது என்று பேச்சு இருந்தது. நைனா சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு திமிரிக்குப் போனார். களியும் கோழிக்குழம்பும் போட்டார்கள். அவர்கள் வீட்டு அம்மா, நைனா போதும் என்று சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மேலே மேலே போட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு மூச்சு விடவே கஷ்டமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து டேனரி டீமும் இறங்குவதாக முடிவாகிவிட்டது. நைனாவின் மேஸ்திரிதான் கேப்டன். அவரைப் பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தொட்டிக்குப் பக்கத்திலேயே நைனாவைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம நம்ம வூட்ல சாப்பாடு. நீதான் லெப்ட்."

நைனா அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாய், நான் திமிரியில் சாப்பிட்டுவிட்டேன் என்ற ஒரே வரி. பாய் கோபக்காரர், ஆனால் அந்தப் பழக்கத்தை மதிக்கிறவர். இரண்டு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பார். நைனா, "சரி பாய்" என்றார். வெள்ளிக்கிழமை போய் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வந்தார். வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ரெண்டு டீமும் டிராவுல வேற வேற பக்கம், பைனல்லதான் மோதும். எவனாவது ஒருத்தன் தோத்துடுவான். அதோட போச்சு" என்றார் நைனா.

"அப்படி ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டா?"

"அதெல்லாம் நடக்காது."

அவர் நன்றாக ஆடியதுதான் வினையாகப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பச்சைச் சட்டையில் திமிரிக்கு ஆடினார், அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளை பனியனில் டேனரிக்கு ஆடினார். கமிட்டியில் முணுமுணுத்தார்கள், கூட்டத்துக்கு அவர் ஆட்டம் பிடித்திருந்ததால் விட்டுவிட்டார்கள். யாராவது ஒருவர் தோற்றால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று கமிட்டிக்காரர்களும் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. இரண்டு டீமையும் அவரே பைனலுக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டார்.

அன்றைக்கு அம்மாவும் நானும் கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்தோம். பாய் கையில் வெள்ளை பனியன். திமிரிக் கேப்டன் கையில் பச்சைச் சட்டை. நைனா லுங்கியைக் கழற்றிவிட்டு நிக்கரும் வெறும் உடம்புமாக நடுவில் நின்றார்.

"எங்கூட்ல மொதல்ல சாப்ட்டாருங்க" என்றார் திமிரிக்காரர்.

"எங்க டேனரில சம்பளம் வாங்கறான். தெனம் எங்க சோறுதான்" என்றார் பாய்.

"அப்ப மொதல்லயே சொல்லியிருக்கணும். கோழி அடிச்சி போட்டோம், நாங்க இன்னா பைத்தியமா?"

"டேய், நீ சொல்லுடா. எவன் பக்கம் நீ?"

நைனா வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். கூட்டத்தில் விசில் ஆரம்பித்துவிட்டது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கமிட்டிப் பெரியவர் வாட்சைத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் நைனா அதைச் சொன்னார்.

"ஆளுக்குப் பாதி ஆட்றேன்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மைதானம் முழுக்கச் சிரித்தது. பெரியவரும் சிரித்துக்கொண்டே, "செரி, நேரம் இல்ல, ஆடுங்கப்பா" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்ததால் நல்ல விஷயம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் பாதியில் பச்சைச் சட்டை. நைனா உயிரைக் கொடுத்து ஆடினார். திமிரி டீமில் பின்னால் நின்று தடுக்கிற பையன் ஒருவன் இருந்தான், மீசை முளைக்கிற வயது. அவனுக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. நைனா அவனிடம் ஓடிப் போய்த் தோளைப் பிடித்து, "கோட்டுக்கிட்ட நில்லு, உள்ள வராத, உள்ள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பையன் அப்படியே நின்றான். டேனரி டீமால் அந்தப் பக்கம் வரவே முடியவில்லை. நைனா ஒரு கோல் போட்டார். திமிரியிலிருந்து டிராக்டரில் வந்தவர்கள் துண்டைச் சுழற்றினார்கள்.

ஹாப் டைமில் நைனா நடுக்கோட்டில் நின்று பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வெள்ளை பனியனை வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த மடித்துக் கொடுத்த மரியாதை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாம் பாதி. பந்து நைனாவிடம் வந்தது. அந்தப் பையன் கோட்டை ஒட்டி நின்றான், சொன்ன இடத்திலேயே. உள்ளே ஆள் இல்லை. உள்ளே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஆள் இப்போது வெள்ளை பனியனில் இருந்தார். நைனா நேராக அந்தக் காலி இடத்தில் ஓடிப் போய் கோல் அடித்தார்.

யாரும் விசில் அடிக்கவில்லை. அந்தப் பையன் நைனாவைப் பார்த்து, சத்தமாகக்கூட இல்லை, கேட்டான். "அண்ணே, நீதான அங்க நிக்க சொன்ன?"

கயிற்றுக்குப் பின்னால் இருந்த எனக்கே கேட்டது. அம்மா புடவை முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நைனா பையனைப் பார்த்தபடியே நின்றார். அதற்கப்புறம் அவர் பந்தைத் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆளுக்கு ஒரு கோல். வெளிச்சம் குறைந்துவிட்டதால் பெனால்டி. பாய், நைனாவைப் பார்க்காமலே, "இவன் அடிக்க வேணாம்" என்றார். திமிரிக்காரர்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. இரண்டு டீமும் அந்தப் பக்கம் கோலுக்குப் போய்விட, நைனா மட்டும் நடு மைதானத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். டேனரி ஜெயித்தது. கோப்பையை மினி லாரியில் வைத்துக் கொண்டு போனார்கள். அவரை ஏறு என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் நடந்து வந்தோம். பின்னால் டீக்கடையிலிருந்து ஒரு குரல், "ரெண்டு எலையில துன்னுட்டு ரெண்டு எலையிலயும் துப்பிட்டான்" என்றது. அம்மா இன்னும் வேகமாக நடந்தாள்.

வீட்டில் நைனா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பக்கமும் உண்மையாத்தான் ஆடினேன்."

"அதான் அசிங்கம்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அவர் பேர் ஹாப் டைம். எங்கள் வீடு ஹாப் டைம் வீடு. பள்ளிக்கூடத்தில் பசங்க என் டிபன் பாக்ஸைத் திறந்து, "பாதிய வெச்சிடுவியாடா?" என்று கேட்பார்கள். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், "ஹாப் டைம் வூடா? பையன் கடைசி வரைக்கும் இருப்பானா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நைனாவும் சிரித்தார். அவர் சிரிக்கும்போது நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேப்படி செய்தவர், குடித்துவிட்டு விழுந்தவர் என்றால்கூட ஊர் ஒரு நாள் மறந்துவிடும். இது சிரிப்பு. சிரிப்பை யாரும் மறப்பதில்லை. எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக்கூட யாராவது முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

யாரும் அவரை ஆடக் கூப்பிடவில்லை. திமிரிப் பக்கம் அவர் பஸ்ஸில்கூடப் போகமாட்டார். கொஞ்ச காலம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே படுத்திருந்தார். அப்புறம் ஒரு நாள் ஆற்று மணலில் விளையாடிக்கொண்டிருந்த பொடிசுகளுக்குப் பந்தை எப்படி நிறுத்துவது என்று காட்டப் போனார். அப்படியே கோச் ஆகிவிட்டார். பெரியவர்கள் டீமுக்கு அவர் தேவைப்படவில்லை. பொடிசுகளுக்கு அந்தக் கதையைப் பற்றிக் கவலையில்லை.

கோச்சாகவும் அவர் அதே மனிதர்தான். எந்தத் தாய் வந்து கேட்டாலும், "சரிம்மா, உன் புள்ளைய எடுத்துக்கறேன்" என்பார். மேட்ச் அன்றைக்கு ஏழு பேர் டீமுக்கு ஒரு கல்யாண கோஷ்டி அளவுக்குப் பிள்ளைகள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். நைனா என்னைத் தனியாக இழுத்துப் போவார். "டேய், நீ போய் சொல்லேன்டா. எனக்கு அந்த மூஞ்சிங்கள பாக்க முடியாது."

நான்தான் சொல்வேன். பல வருஷம் அது என் வேலை. ஒவ்வொருவனையாகத் தோளில் கை போட்டு ஓரமாக நடத்திக்கொண்டு போய், உன் ஆட்டத்தில் இது நன்றாக இருக்கிறது, இது இன்னும் வரவில்லை, இன்றைக்கு இடம் இல்லை என்று சொல்வேன். அப்புறம் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுப்பேன். பெரும்பாலும் அழமாட்டார்கள். அழுதாலும் அடுத்த வாரம் வந்துவிடுவார்கள். என்னைத்தான் திட்டுவார்கள், நைனாவைத் திட்டமாட்டார்கள். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் சேர்ந்த பிறகு எனக்கு நேரம் இல்லாமல் போய், நிறுத்திவிட்டேன். யார் அந்த வேலையைச் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இனி உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாத பாதியை மட்டும் சொல்கிறேன்.

தாத்தா பெண் பிள்ளைகளுக்குக் கோடை கேம்ப் நடத்தினார். கம்பெனிக்குத் தைக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள்தான் எல்லாரும். நீயும் போனாய், கோல் கீப்பராக நின்றாய். வேலூரில் நடக்கிற டோர்னமென்ட்டுக்கு டீம் போக வேண்டும். வேனில் கோல் கீப்பருக்கு ஒரே இடம். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உன் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "மாமா, நம்ம பொண்ணுதான கோலுக்கு?"

"சரிம்மா" என்றார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் வாயைத் திறக்கவில்லை. நீ சந்தோஷத்தில் எழுந்து போய் கையுறையைத் துவைத்துக் காயப்போட்டாய்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் என்னிடம், "உங்கப்பா தங்கமான மனுஷன்யா. என் பொண்ணதான் கோலுக்குப் போட்றேன்னு சொல்லிட்டாரு" என்றார். பக்கத்தில் இருந்த வயதான ஒருவர் டீயைக் குடித்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "அப்ப பேத்திக்கி செகண்ட் ஹாப்பா?" என்றார். கடையே சிரித்தது. நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நைனா, ரெண்டு பேர்கிட்டயும் சரின்னு சொல்லிட்டியா?"

அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கேட்டாங்கடா."

"கேட்டா? இன்னும் இந்தப் பேஜார விடலயா நீ? எனக்குத்தான் ஆயுசுக்கும் கேலி. இப்ப எம் பொண்ணுக்குமா?"

காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். அப்புறம் எனக்குத் தெரிந்த அதே குரலில், "நீ போய் சொல்றியாடா?" என்றார்.

"யார்கிட்ட?"

அவர் உன் அறைப் பக்கம் பார்த்தார். அதிலிருந்தே யார் என்று புரிந்தது.

"முடியாது. உன் பேத்தி. நீயே சொல்லு" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். நியாயமும் என் பக்கம்தான் என்று தோன்றியது. அவருக்கு இது வராது, எனக்கு வரும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருப்பார். நானும் கேட்கவில்லை. வேன் வந்த காலையில் நீயும் டிரைவர் பெண்ணும் ஒரே மாதிரி கையுறையோடு வந்து நின்றீர்கள். அம்மாக்கள், அப்பாக்கள், கேம்ப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். உன் அம்மா நல்ல மனதோடுதான் அதைச் சொன்னாள்.

"இன்னா மாமா, ரெண்டு பேருமே வரட்டும். மடியில உக்காந்துனு வருவாங்க. ஆளுக்குப் பாதி ஆட வெச்சிட்டா போச்சு."

பின்னாலிருந்து யாரோ, "அதான் அவருக்கு கைவந்த கலையாச்சே" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. நான் செருப்பைப் பார்த்தேன்.

நைனா ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"இன்னா மாமா?"

"இல்லம்மா."

என் ஆயுளில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டேன். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். சொல்லிப் பழக்கம் இல்லாதவர், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார்.

"பாதி எல்லாம் கெடயாது. டிரைவர் பொண்ணுதான். நம்ம பொண்ணு பந்து வரும்போது கண்ண மூடுது."

சிரிப்பு இப்போது உன் பக்கம் திரும்பியது. நீ கையுறையைக் கழற்றி வேன் சக்கரத்தின் மேல் எறிந்துவிட்டு நடந்தாய். பள்ளி திறந்ததும் பசங்க உன்னை எப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று உன் அம்மா எனக்குச் சொன்னாள். தாத்தாவுக்கும் சொன்னாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நீ கண்ணை மூடுவது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அதை உன்னிடம் ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொல்லலாம். கண்ணை மூடாமல் இருப்பதற்குப் பயிற்சி இருக்கிறது, அதையும் அவரே பல பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஊருக்கு நடுவில் சொன்னது தப்பு. அதற்கு உன் கோபம் நியாயம். ஆனால் அவர் வாக்கு மாறியதாக நீ நினைக்கிறாய் அல்லவா? அவர் முதலில் கொடுத்த 'சரி'தான் தப்பு. அந்தக் காலையில் சொன்னது சரி. சொன்ன விதம் மட்டும்தான் மோசம்.

எனக்கு என்ன வெட்கம் என்றால், இத்தனை வருஷம் நான் அவரைப் பற்றித்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். யார் சிரித்தாலும் அவருக்குப் பக்கத்தில் நிற்காமல் நகர்ந்து நின்றேன். வேன் பக்கத்திலும் அதைத்தான் செய்தேன். உன் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போக எனக்கு நாலு எட்டுதான் வைக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தவன் உனக்குச் செய்யவில்லை.

முந்தாநாள் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தாள். அடுத்த டோர்னமென்ட்டுக்குத் தன் மகளை டீமில் போடச் சொல்லிக் கேட்டாள். கையில் பழம் வாங்கி வந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். வழக்கமான சரிம்மா வரும் என்று காத்திருந்தேன்.

"உக்காரும்மா" என்றார் நைனா. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "பொண்ணு நல்லா ஓடுது. பந்த நிறுத்தத்தான் வரல. இந்த வாட்டி இடம் இல்லம்மா. நான் அவளையே கூப்ட்டு தனியா சொல்லிடறேன். நீ சொல்ல வேணாம்."

"அடுத்த வாட்டியாவது..."

"அது எனக்குத் தெரியாது. தெரியாதத சரின்னு சொல்ல மாட்டேன்."

அவள் போன பிறகு அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.  "இது பரவால்லயாடா? ரொம்ப கடுசா சொல்லிட்டனா?"

"இல்ல நைனா. நல்லாதான் சொன்ன."

"பழத்த திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்" என்றார்.

அப்புறம் உன் அறைக் கதவுக்கு எதிரே போய் நின்றார். லைட் எரிந்துகொண்டிருந்தது, நீ படித்துக்கொண்டிருந்தாய். தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். போய்ச் சொல்லேன்டா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நேற்றும் அதேபோல் வந்து நின்றுவிட்டுப் போனார்.

இன்றைக்கோ நாளைக்கோ தட்டிவிடுவார். உன்னிடம் மன்னிப்புத்தான் கேட்பார், அதோடு மறுபடி மைதானத்துக்கு வா என்றும் கேட்பார். சரி என்று சொல்லு என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன். எங்கள் வீட்டில் மனம் இல்லாமல் சொன்ன சரி போதுமான அளவுக்கு இருந்துவிட்டது. உனக்கு வர இஷ்டம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு. சின்னவனிடம் சொல்லி அனுப்பாதே. கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.